நீலமும் வெள்ளியும்

கோவை
8 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பிரியா எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை பெண்டாட்டி ஊரில் இல்லாத தைரியத்தில் டீயும் பன்னுமாக ஓட்டுகிறீர்களா?

போனில் பேசினால் ரெண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எழுதிக்கொண்டது போல எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தேன். இப்போது பேனாவைப் பிடித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டீம் மேனேஜர் பிரிசில்லா மேடம் நேற்றுக் கூப்பிட்டார். இந்த ரேஸ் சீசன் முழுவதும், ஐந்து ரவுண்டுக்கும், எனக்கே எனக்கு ஒரு கார். ஸ்பான்சர் கிடைத்துவிட்டது. யார் தெரியுமா? நீலமணி ஏலக்காய்.

ஆமாம், அதே நீலமணிதான். நைட் ஷிப்டில் தூக்கம் வரக்கூடாது என்று பத்து வருஷமாக நீங்கள் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தீர்களே, அந்தக் கம்பெனி. புகையிலை போட்ட பாக்குத்தூளை விளம்பரம் செய்யக் கூடாதாம். அதனால் அதே பெயரில், அதே நீல வெள்ளிப் பொட்டலத்தில் ஏலக்காய் விற்கிறார்கள். நான் தயங்கியதைப் பார்த்து மேடம், "ஏலக்காய்தானே ஜெயப்பிரியா, நீ பாயசத்துல போடமாட்டியா?" என்றார்.

மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் புனேவில் ஒரு பெண் தயாராக இருக்கிறாள். எனக்கு இருபத்தொன்பது முடியப்போகிறது. இதை விட்டால் யாரும் எனக்கு முழு சீசன் தரப்போவதில்லை. அது தெரிந்தும் கை வரவில்லை மாமா. சித்திரையில்தான் அந்தச் சனியனை விட்டீர்கள். விட்ட முதல் வாரம் நீங்கள் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் நான். அந்தப் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு எப்படி ஓட்டுவது? நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ராத்திரி கேஸை மூடினீர்களா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.

உங்கள்
பிரியா


மறைமலைநகர்
15 ஜூன் 2025

என் பிரியாவுக்கு,

உன் கடிதத்தை கம்பெனி பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தேன். டிரைவர் மோகன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான். நான் சௌக்கியம். ரசம் சாதம், மோர் சாதம் என்று சாமியார் மாதிரி சாப்பிடுகிறேன். கடைவாய்ப் பல் கொஞ்சம் தொந்தரவு கொடுப்பதால் காரம் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். உன் ஆவக்காய் ஜாடி தப்பித்தது. உனக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

இப்போது உட்கார், உனக்கு ஒரு கதை சொல்கிறேன். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் சாமி படம் மாட்ட வேண்டிய ஆணியில் ரேஸ் கார் படம் மாட்டியவன் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

1968 வரைக்கும் ரேஸ் காருக்கு நாட்டின் நிறம்தான். இங்கிலாந்து பச்சை, இத்தாலி சிவப்பு, பிரான்ஸ் நீலம். அதற்குக் கொஞ்ச வருஷம் முன்பே இங்கிலாந்தில் டிவியில் சிகரெட் விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். சிகரெட்காரன் சும்மா இருப்பானா? ரேஸை டிவியில் காட்டுகிறார்களே, காரையே சிகரெட் பெட்டி மாதிரி அடித்துவிட்டால் என்ன என்று யோசித்தான். அறுபத்தெட்டில் ஒரு இங்கிலாந்து டீம் தன் பச்சையைச் சுரண்டிப்போட்டுவிட்டு சிவப்பும் வெள்ளையும் தங்கமுமாக வந்து நின்றது. ஊரே திட்டியது. அப்புறம் எல்லாரும் அதே வரிசையில் போய் நின்றார்கள். கறுப்பும் தங்கமும், சிவப்பும் வெள்ளையும், மஞ்சள், நீலம், எல்லாம் பெட்டி நிறம். முப்பது வருஷத்துக்கு மேல் பெரிய பெரிய சாம்பியன்கள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் ஜெயித்தார்கள். நீ உட்காரும் காரில் இருக்கும் கார்பன் பைபர்கூட அந்தப் புகைப் பணத்தில் முளைத்ததுதான்.

அவர்கள் காரைத்தான் ஓட்டினார்கள், பெட்டியை இல்லை. நீயும் காரை ஓட்டு. கல்யாணம் ஆன புதிதில் ஈசிஆரில் சும்மா பொழுதுபோக்குக்கு கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டி ஓட்டக் கூட்டிப்போனேனே, அன்றைக்கு நீ என்னை மூன்று சுற்று முந்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, "இன்னா மாமா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டாய். இவளுக்கு இதுதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சனியனை விட்டவன் நான். விட்டவனே சொல்கிறேன், கையெழுத்துப் போடு.

அன்புடன்
வாசுதேவன்


மறைமலைநகர்
17 ஜூன் 2025

அம்சா அக்காவுக்கு,

வாசு எழுதுவது. நீயும் அத்தானும் சுகம்தானே? நெம்மேலியில் காற்று எப்படி, இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. இவன் என்ன திடீரென்று கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே. நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு பேசுகிறவள். நான் சொல்வது உன் தெருவுக்கே கேட்கும்.

எனக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை அக்கா. மூன்று விரல் நுழைந்த இடத்தில் இப்போது ஒன்றரை நுழைந்தால் அதிகம். இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு, நடுவில் ஆறாத புண். செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அதில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார். "ஒண்ணும் இல்லாமயும் போகலாம் தம்பி, ஆனா தள்ளிப்போடாத" என்றார்.

பிரியாவுக்குத் தெரியாது. போனில் பேசினால் நாக்கு குழறுவதைக் கண்டுபிடித்துவிடுவாள், அதனால், போனில் சண்டை வருகிறது என்று சாக்குச் சொல்லிக் கடிதத்தில் இறக்கிவிட்டேன். அவளுக்கு ஒரு முழு சீசன் கிடைத்திருக்கிறது. இது தெரிந்தால் மறுநாள் காலை பெட்டியோடு வாசலில் நிற்பாள். அந்த இடம் அவளுக்கு இன்னொரு முறை வராது. நீ சொல்லிவிடாதே. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

தம்பி
வாசு


கோவை
6 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பல் எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டச் சொன்னால் காட்ட மாட்டீர்கள், தெரியும். நான் நன்றாக இருக்கிறேன். கழுத்து மட்டும் முதல் ரேஸுக்குப் பிறகு ரெண்டு நாள் திரும்பவில்லை, கூப்பிட்டவர்களை எல்லாம் உடம்போடு திரும்பிப் பார்த்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் கதைதான் என்னைக் கவிழ்த்தது. கார் மூக்கு முதல் வால்வரை நீலமும் வெள்ளியும். ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் ஹேர் டிரையரால் சூடு காட்டிக் காட்டி, துணியால் நீவி நீவி, ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினார். என் ஹெல்மெட்டிலும் நெற்றியில் அந்தப் பெயர். முதல் ரவுண்டில் இரண்டாவதாக வந்தேன் மாமா! கடைசி வளைவில் எனக்கு முன்னால் ஒரு கார்தான் இருந்தது. அதைப் பிடிக்க முடியவில்லையே என்று அழுதுகொண்டே மேடை ஏறினேன். நீங்கள் பக்கத்தில் இல்லாததுதான் குறை.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். டிரைவர்களுக்கு நீலமணிக்காரர்கள் பெட்டி பெட்டியாக ஏலக்காய் கொடுக்கிறார்கள். பயப்படாதீர்கள், நானே பத்துப் பொட்டலம் பிரித்துக் கொட்டிப் பார்த்தேன், புகையிலை துளிகூட இல்லை. வெள்ளிப் பூச்சுப் பூசின ஏலக்காய் விதை, அவ்வளவுதான். ஷிப்டில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, பையைத் தடவிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னீர்களே? அது வரும்போது இதில் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சரக்காலேயே அவர்களைத் தோற்கடிப்போம்.

சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போங்கள்.

உங்கள்
பிரியா


மறைமலைநகர்
27 ஜூலை 2025

என் பிரியாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. லைனில் ஆள் குறைவு, டபுள் ஷிப்ட். மற்றபடி நலம். உன் கழுத்து சரியாகிவிட்டதா? இரண்டாவது இடம் என்று மோகனிடம் சொன்னேன், பஸ்ஸில் எல்லாரும் கைதட்டினார்கள்.

பாதியில் விட்ட கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எழுபது எண்பதுகளிலிருந்தே ஒவ்வொரு நாடாகத் தடை வந்தது. தடை உள்ள நாட்டுக்குப் போனால் டீம்காரர்கள் பெயரை மட்டும் உரித்துவிடுவார்கள், நிறம் அப்படியே இருக்கும். பெயர் இருந்த இடத்தில் வெறும் கோடு போடுவார்கள், இல்லாவிட்டால் ஓட்டுபவர் பெயரை எழுதுவார்கள். நம் நாட்டில் கிரிக்கெட், கார் என்று எங்கே பார்த்தாலும் இருந்த சிகரெட் பெயர் 2004 வாக்கில் இறங்கியது. அடுத்த வருஷம் ஐரோப்பாவிலும் மொத்தமாகத் தடை. அதற்குப் பிறகும் ஒரு பெரிய டீம் சிவப்புக் காரில் வெறும் பார்கோடு மாதிரிக் கோடுகள் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடியது. ஒரு எழுத்து கிடையாது. ஆனால் பார்த்தவன் எல்லாம் மனதுக்குள் அந்தப் பெயரைப் படித்தான். பெயரை எடுத்துவிட்டாலும் நிறம் போதும் பிரியா, மிச்சத்தைக் கண்ணே படித்துக்கொள்ளும்.

பார்சல் வந்து சேர்ந்தது. அடுத்த ரவுண்டுக்கு நன்றாகத் தூங்கிவிட்டுப் போ.

அன்புடன்
வாசுதேவன்


மறைமலைநகர்
10 ஆகஸ்ட் 2025

அம்சா அக்காவுக்கு,

அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? என் சேதியை நேராகவே எழுதிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எழுத முடியாது. சோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான். ஆரம்பம்தான், வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். கன்னத்தில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம். சீக்கிரம் செய்யச் சொல்கிறார்கள். நான் டிசம்பர் என்று சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் பிரியாவுக்குக் கடைசி ரவுண்ட் முடியும்.

இன்னொன்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சித்திரையில் விட்டவன், ஆனி முடியும்வரை தொடவில்லை. அப்போது பிரியா ஒரு பெட்டி ஏலக்காய் அனுப்பினாள், பாக்குத்தூளுக்குப் பதிலாக இதைப் போடுங்கள் என்று. நல்லதுக்குத்தான் செய்தாள். ஆனால் அதே நீலம், அதே வெள்ளி, பல்லால் கடித்துப் பிரிக்கும்போது அதே சத்தம். முதல் பொட்டலத்திலேயே வாய் முழுக்க ஊறியது. நாக்குக்கு ஏலக்காய் போதவில்லை. நாலாம் நாள் கடையில் போய் நின்றேன். முடிவு வரும்வரை மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை, சத்தியமாக இல்லை.

டாக்டர் இது பத்து வருஷ வேலை, ஒரு மாசத்து வேலை இல்லை என்கிறார். இருந்தாலும் அவளுக்குத் தெரிந்தால் அவள் அந்தக் கணக்கையெல்லாம் பார்க்க மாட்டாள். என்னால்தான் என்று உட்கார்ந்துவிடுவாள். நோயைக்கூட ஒரு நாள் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை மட்டும் அவள் சாகும்வரை தெரிந்துகொள்ளக் கூடாது.

தம்பி
வாசு


நெம்மேலி
13 ஆகஸ்ட் 2025

வாசுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். நல்லா இருக்கிறோமா என்று கேட்காதே. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் அத்தான் கடல் தண்ணீர் பிளாண்டில் வேலை முடிந்து வந்து, "இன்னாடி, கண்ணு வீங்கிக்கீது?" என்று கேட்டார். கடல் காற்று என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு எழுத வராது, அதனால் நேரில் இருந்தால் எப்படித் திட்டுவேனோ அப்படியே எழுதுகிறேன். "டேய், நீ இன்னா பெரிய தியாகியா? அவ காரு ஓட்டி கப்பு வாங்கினு வந்தா, வாங்கி வைக்க வூட்ல ஆளு வாணாமா? டிசம்பராம் டிசம்பரு! நோவு உன்ன மாதிரி காலண்டர் பாத்துகினு குந்திகினு கீதா?"

அவளிடம் நான் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஏலக்காய் விஷயம் என்னோடு கட்டையில் வேகும். ஆனால் நோயை நீயே சொல்லிவிடு. ஒரு மாதம் பார்ப்பேன். அப்புறம் நான் வாக்கு மாறினால் என்னைக் கேட்காதே. கஞ்சியில் நெய் விட்டுக் குடி.

அக்கா
அம்சா


கோவை
21 செப்டம்பர் 2025

மாமாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீங்களும் இல்லை. அதனால் அந்த வரியைத் தாண்டிவிடுகிறேன்.

வியாழக்கிழமை நீங்களும் அங்கே இருந்தீர்கள், நானும் இருந்தேன். இருந்தாலும் எழுதுகிறேன். நான் பார்த்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

விளம்பரப் படம் நெம்மேலிக் கடற்கரையில் எடுக்கிறார்கள், குடும்பத்தையும் அழைத்து வரச் சொன்னார்கள் என்றதும் எனக்கு எத்தனை சந்தோஷம். மூன்று மாதம் கழித்து உங்களைப் பார்க்கப்போகிறேன். கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையின் சுவர் படத்தில் விழக்கூடாது என்று காரை மணலில் அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டிருந்தபோது நீங்கள் அம்சா அண்ணியோடு வந்தீர்கள். இளைத்திருந்தீர்கள். நைட் ஷிப்ட் என்றீர்கள், நம்பினேன்.

அந்தப் போட்டோக்காரர், "சார், மேடம் ஜெயிச்சிட்டாங்க. நீங்க குஷில பாக்கெட்ட பிரிச்சு அப்படியே வாயில கொட்றீங்க" என்று சொல்லிக்கொடுத்தார். நீங்கள் முகத்தை மேலே தூக்கினீர்கள். ஏலக்காய் உதட்டில் பட்டுத் தாடையில் வழிந்து சட்டையில் விழுந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி மணலில் கொட்டியது. "இன்னா சார், வாய தொறங்கன்னா விசிலடிக்கறா மாதிரி வச்சினு கீறீங்க?" என்று அவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கப் பார்த்தீர்கள், சிரிக்கவும் உங்கள் வாய் திறக்கவில்லை. அண்ணி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் அண்ணி வீட்டில் வஞ்சிரம் குழம்பு. நீங்கள் சோற்றை ரசத்தில் கரைத்து ஓரமாக உறிஞ்சினீர்கள். ஞானப்பல் என்றீர்கள். வஞ்சிரத்தை வேண்டாம் என்று தள்ளுகிற ஆளை நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை மாமா. டீம் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, நீங்களே என் பையை எடுத்துக் கொடுத்து என்னை ஏற்றிவிட்டீர்கள். நான் ஏறியிருக்கக் கூடாது.

என்னவென்று எழுதுங்கள். இந்தக் கடிதத்துக்கு பதில் வராவிட்டால் நானே வருகிறேன்.

பிரியா


மறைமலைநகர்
26 செப்டம்பர் 2025

என் பிரியாவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

கன்னத்தில் புற்றுநோய். ஆரம்ப நிலை. ஆகஸ்டில் தெரிந்தது. வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ரெண்டு டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாய் திறக்காதது அதோடு சேர்ந்த தொந்தரவு. போனில் பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் கடிதம். அக்காவைத் திட்டாதே, நான்தான் வாக்கு வாங்கினேன்.

ஆபரேஷனை நான் டிசம்பருக்குத் தள்ளியிருந்தேன். போன வாரம் டாக்டர் சத்தம் போட்டு, அக்டோபர் பத்து என்று தேதி குறித்துவிட்டார். அந்த வாரம்தான் உன் நான்காவது ரவுண்ட். நீ புள்ளியில் இரண்டாவது இடத்தில் இருக்கிறாய். இன்னும் ரெண்டே ரவுண்ட். அக்கா என்னோடு இருப்பாள். மயக்கத்தில் கிடக்கிறவனுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் என்ன? நீ ஓட்டிவிட்டு வா. நான் ஒன்றும் ஓடிவிட மாட்டேன், ஓடுவது உன் வேலை.

இது பழைய பாவம் பிரியா, பத்து வருஷத்துப் பாவம். வேறு எதையும் இதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன்னிடம் மறைத்தது தப்பு. ஆனால் நீ மேடையில் நின்ற போட்டோவைப் பார்த்தபோதெல்லாம் மறைத்தது சரிதான் என்று இருந்தது.

அன்புடன்
வாசுதேவன்


கோவை
1 அக்டோபர் 2025

என் மாமாவுக்கு,

கடிதம் வந்தது. படித்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன், எடுத்தீர்கள். உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. அது போதும் என்றிருந்தது. நாளைக் காலை செங்கல்பட்டில் இறங்குவேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். வந்தால் உங்களைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதிப் போடுகிறேன்.

காரை விட்டு இறங்கிவிட்டேன் மாமா. பிரிசில்லா மேடத்திடம் சொன்னேன். "ரெண்டு ரவுண்ட் இருக்கறப்ப எறங்கினா அடுத்த வருஷம் உனக்கு சீட் தரச்சொல்லி நான் யார்கிட்ட நிக்கறது, ஜெயப்பிரியா?" என்று கேட்டார். நிற்க வேண்டாம் மேடம் என்றேன். காரணத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் தலையைக் கட்டிக்கொண்டார். புனேப் பெண் சனிக்கிழமை வருகிறாள். சீட்டை அவள் உயரத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சத்தம் இங்கே கேட்கிறது. வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்காக மட்டும் இறங்கவில்லை. உங்கள் கன்னத்தைத் தின்றதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஒரு சுற்றுகூட என்னால் ஓட்ட முடியாது.

கார் அவர்களுடையது, ஹெல்மெட் என்னுடையது. அதனால் ஹெல்மெட்டிலிருந்து பெயரை உரித்தேன். மூன்று மாத வெயிலில் சுற்றியெல்லாம் வெளுத்து, ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கிறது. நீலமணி என்று படிக்க முடிகிறது. அப்போது நீங்கள் எழுதியது நினைவு வந்தது. பெயரை எடுத்தாலும் கண் படித்துக்கொள்ளும் என்று. தேதியைப் பார்த்தேன், என் பார்சல் வந்த பிறகு எழுதியது. பார்சலைப் பற்றி 'வந்து சேர்ந்தது' என்று ஒரே வரி.

மாமா, நான் அனுப்பிய பொட்டலம் உங்களை என்ன செய்தது? நேரில் கேட்டால் சமாளித்துவிடுவீர்கள். எழுதிச் சொல்லுங்கள்.

உங்கள்
பிரியா


சென்னை, மருத்துவமனை
18 அக்டோபர் 2025

என் பிரியாவுக்கு,

ஆண்கள் வார்டில் உன்னைச் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் விடுகிறார்கள், எனக்கோ இன்னும் பேச்சு வரவில்லை. அதனால் காலையில் துணி கொண்டுவந்த அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூக்கில் குழாய், கழுத்தில் தையல். ஆனால் வலி குறைந்திருக்கிறது, வெட்டிய இடத்தின் ஓரம் சுத்தம், நோய் மிச்சமில்லை என்று டாக்டர் சொன்னார். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாயா? சாப்பிட்டேன் என்று அக்காவிடம் பொய் சொல்லாதே, அவளுக்குத் தெரிந்துவிடும்.

நீ சீட்டை விட்டதில் எனக்கு இன்னும் கோபம்தான். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது உன் முகம் தெரிந்தது. அப்போது மட்டும் கோபம் இல்லை.

கேட்டிருந்தாயே, அதற்கு பதில். உன் பார்சலை நான் பிரிக்கவே இல்லை. பார்த்ததும் வேண்டாம் என்று தோன்றியது, அப்படியே மோகனிடம் கொடுத்துவிட்டேன். அவன் பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தான். சித்திரைக்குப் பிறகு என் வாய்க்குள் ஒன்றும் போகவில்லை. நீ அதை நினைத்து ஒரு நிமிடம்கூட மனசைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. இது உன் வாசுதேவன் மேல் ஆணை.

அன்புடன்
வாசுதேவன்


மறைமலைநகர்
23 அக்டோபர் 2025

அம்சா அண்ணிக்கு,

தீபாவளிக்கு வீடு போய்ச் சேர்ந்தீர்களா? அண்ணன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாரா? ஆஸ்பத்திரியில் உங்கள் தம்பி தேறிவருகிறார். நேற்று குழாயை எடுத்தார்கள். மோர் ரெண்டு ஸ்பூன் இறங்கியது. போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

முந்தாநாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை நடத்தும் வேண்டா அக்கா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, அவரை விசாரித்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். "ஆடி மாசம் வந்தாரும்மா. எத்தினியோ நாளா இந்தப் பக்கமே திரும்பாத மனுசன். கைல ஒரு ஏலக்கா பாக்கெட்ட வச்சினு ரொம்ப நேரம் நின்னாரு. 'இது பத்தலக்கா, இதே கலர்ல அது கீதா?'ன்னாரு. நாந்தாம்மா கீழேர்ந்து எடுத்துக் குடுத்தேன். குடுத்த இந்தக் கைல எனக்கு இப்ப சோறு துன்ன முடில" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? ஏலக்காயை அனுப்பிய கை என்னுடையதுதான்.

இது பத்து வருஷத்து நோய், ஒரு மாதத்தில் வந்தது இல்லை என்று டாக்டர் எனக்கும் சொன்னார். புத்திக்குப் புரிகிறது. மனசுக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆகும்.

அவர் எனக்கு எழுதியதில், பார்சலைப் பிரிக்கவே இல்லை என்று ஆணை வைத்திருக்கிறார். கழுத்தில் தையலோடு, எழுந்து உட்கார முடியாமல், சாய்ந்தபடி எழுதியிருக்கிறார் அண்ணி. எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. அந்த நிலைமையிலும் எனக்காகப் பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இருந்திருக்கிறது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இப்படி ஒரு மனுஷன் பிழைத்து வந்திருக்கிறாரே என்று அழுதேன்.

நேற்று சாயங்காலம் ஒரு துண்டுக் காகிதத்தில், 'படித்தேன் மாமா. பிரிக்காமல் கொடுத்தீர்களே, நல்ல காலம். இனிமேல் அதை நினைக்க மாட்டேன்' என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். படித்தார். என் முகத்தைப் பார்த்தார், நான் பார்வையை மாற்றவில்லை. காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தபடி தூங்கிப்போனார். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை விடவில்லை.

பிரிசில்லா மேடம் கூப்பிட்டிருந்தார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சனி ஞாயிறுகளில் புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமாம். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் தம்பியும் போகச் சொல்லிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணி, அவர் உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அதை என்னிடம் சொல்ல வேண்டாம். நான் இப்போது சொன்னதையும் அவரிடம் சொல்ல வேண்டாம். ரெண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பிரியா